அரிசி கேட்டாள், யானை கொடுத்தான்!

நாஞ்சில் மலைக்குரிய தலைவன் நாஞ்சிற் பொருநன். அவனைக் காணச் சென்றார் அவ்வை. உடன் வந்த விறலியர் மனையருகே கீரை பறித்து வைத்திருந்தனர். வெந்த கீரையின்மேல் தூவக் கொஞ்சம் அரிசி வேண்டும்; அதைத்தான் கேட்டார் அவ்வை. அவனோ கேட்டவரின் தேவையைப் பார்த்தானில்லை. தன் பெருமையைப் பார்த்தான். மலைபோன்ற யானையொன்றைக் கொடுத்துவிட்டான்! புறநானூற்றின் 140ஆவது பாட்டு தரும் செய்தி இது. குறை கூறுவது போலக் கூறி அவனது கொடையைப் புகழ்கிறார் அவ்வை.

புலவர் உலகம் அதை வள்ளன்மை என்று போற்றுகிறது. நாமும் மறுக்கவில்லை. ஆனால் அரண்மனை முற்றத்தை விட்டு அடுப்பங்கரையில் நின்று அந்தக் காட்சியைப் பாருங்கள். கீரைச் சட்டி கொதித்துக் கிடக்கிறது. வாசலில் யானை நிற்கிறது. யானையை அடுப்பில் ஏற்ற முடியுமா? இனி அதற்குத் தீனி போடுவது யார்? அரிசிக்கு வழியற்ற வீட்டில், யானைக்குக் கரும்பு தேடும் வேலையும் சேர்ந்துவிட்டது!

இருபது நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. நாஞ்சில் நாட்டு வீடுகளில் இந்த நாடகம் இன்னும் நின்றபாடில்லை. கேட்பவள் அரிசி கேட்கிறாள். கொடுப்பவன் யானை கொடுக்கிறான். சீர்வரிசை என்ற பெயரில் அண்டாவும் குண்டாவும் ஊர்வலம் வருகின்றன, பரண் ஏறுகின்றன, பிறகு பேரன் பேத்தி திருமணத்திற்குத்தான் இறங்குகின்றன. நாளைக்கு மூன்று வேளை கையில் எடுக்கும் கத்தியோ மழுங்கிக் கிடக்கிறது. வீட்டுக்கு எந்தக் கருவி வேண்டும், அதைத் தேர்ந்தெடுப்பவர் யார், அதனால் யாருடைய முதுகு நிமிர்கிறது என்ற கேள்விகளை நாம் கேட்க வேண்டாமா? அற்பக் கேள்விகள் என்று ஒதுக்குவோர், இந்நாட்டு வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும்.

கலப்பைக்குப் பெயர், உலக்கைக்கு என்ன?

நாஞ்சில் என்றால் கலப்பை. ஒரு நாடே உழவுக் கருவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோவாளையும் அகத்தீசுவரமும் சேர்ந்த இந்த வயற்பரப்பு, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்டது. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை அந்தப் புகழுக்கு மேலும் நீர் வார்த்தது. ஏர் பூட்ட நாள் பார்த்தார்கள். கலப்பைக்குச் சந்தனம் பூசினார்கள். உழவன் பெருமையைப் பாடாத புலவன் இல்லை.

நன்று. ஆனால் வயலிலிருந்து வந்த நெல் தானாகச் சோறாகிவிடவில்லை. அதை அண்டாவில் அவித்து, முற்றத்தில் காயவைத்து, உரலிலிட்டுக் குத்தி, சுளகில் புடைத்து, கல் பொறுக்கி, உலையிலிட்டு வடித்தவள் பெண். தேங்காயைத் துருவலையில் அமர்ந்து துருவியவள் அவள். வறுத்த தேங்காயை அம்மியில் வெண்ணெய்போல் அரைத்தால்தான் தீயல் தீயலாகும். அந்த மணத்தை மெச்சியவர் பலர். குழவியை இழுத்த தோளை நினைத்தவர் எத்தனை பேர்? பனைவிளை ஓரத்துக் குடிசைகளிலோ வேலை இன்னும் கடுமை. ஆண்மகன் தளைநார் பூட்டிப் பனையேறிப் பதநீர் இறக்கிவந்தான். அதை அகன்ற பாத்திரத்திலிட்டுக் கருப்பட்டிப் பதம் வரும்வரை மணிக்கணக்கில் அனலோடு அனலாய் நின்று கிண்டியவள் பெண்.

கலப்பையால் நாடு பெயர் பெற்றது. உலக்கையால், அம்மியால், அடுப்பால் பெண் பெற்றது என்ன? கைக்காப்பும் கண்ணெரிச்சலும்! ஆண்டுக்குச் சில திங்கள் வேலை செய்யும் கலப்பைக்குக் கொழுமுனை மாற்றக் கொல்லன் பட்டறைக்கு ஓடிய குடும்பத் தலைவன், ஆண்டு முழுதும் வேலை செய்யும் அடுப்புக்குப் புகைபோக்கி வைக்க நினைக்கவில்லை.

இடுப்பில் குடம் வைக்கத் தடை

கருவி என்பது இரும்பும் மரமும் மட்டுமன்று. அதிகாரமும் அதில் அடங்கியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் திருவிதாங்கூர் அரசில் நிலவிய கட்டுகளைப் பாருங்கள். நாடார் முதலிய ஒடுக்கப்பட்ட சமூகத்தார் குடை பிடிக்கலாகாது. செருப்பு அணியலாகாது. பொன் நகை பூணலாகாது. மாடி வீடு கட்டலாகாது. பசுவைக் கறக்கவும் தடை. பெண்கள் மேலாடை அணியத் தடை என்பதைப் பலரும் அறிவர். அதே பட்டியலில் இருந்த இன்னொரு தடையைச் சிலரே அறிவர்: தண்ணீர்க் குடத்தை அப்பெண்கள் இடுப்பில் சுமக்கலாகாது!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! குடம் ஒன்றுதான். தண்ணீர் ஒன்றுதான். மண்ணும் நீரும் எவரிடமும் குலம் கேட்கவில்லை. ஆனால் அதை உடலின் எந்த இடத்தில் தாங்குவது என்பதைச் சாதி தீர்மானித்தது. இடுப்பில் குடம் வைத்து நடப்பது மேற்குலப் பெண்ணின் நடையாம்; அது மற்றவளுக்கு ஆகாதாம். வெயிலுக்கொரு குடை, முள்ளுக்கொரு செருப்பு, வீட்டுக்கொரு குடம் என்ற எளிய வசதிகள்கூட அடையாளங்களாக்கப்பட்டு, ஒருவருக்கு உரிமை, ஒருவருக்குக் குற்றம் என்று பிரிக்கப்பட்டன.

அந்தக் கட்டுகள் தாமாக அவிழவில்லை. 1820களில் எழுந்து 1859 வரை அலையலையாய் நடந்த தோள்சீலைப் போராட்டம் அவற்றை அசைத்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் மேலாடை உரிமையை ஒப்புக்கொண்டு அரசு அறிக்கை விடுத்தது. அதிலும் மேற்குலப் பெண்டிரைப் போல அணியலாகாது என்று ஒரு முள்ளைச் செருகிவைத்தது. அதே நூற்றாண்டில் சாமித்தோப்பில் வைகுண்டர் எல்லாச் சாதியாரும் நீர் எடுக்கும் பொதுக் கிணற்றை ஏற்படுத்தினார். முத்திரிக் கிணறு என்று அது இன்றும் வழங்கப்படுகிறது. அவரது சமயக் கருத்தை ஏற்போரும் உண்டு, ஏற்காதோரும் உண்டு. ஆனால், சாதிக்கொரு கிணறு என்றிருந்த நாளில் எல்லாருக்கும் ஒரு கிணறு என்ற செயல், நூறு மேடைப் பேச்சுக்கு மேலானது என்பதை யார் மறுப்பர்?

ஆகவே, இன்று ஒரு பெண் கடைக்குச் சென்று தனக்குப் பிடித்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்து, கனம் சரியா, வாய் அகலமா, பிடி வசதியா என்று பேரம் பேசுகிறாளே, அந்தச் சிறு காட்சிக்குப் பின்னே ஒரு பெரும்போராட்டம் இருக்கிறது.

பாத்திரம் யாருடையது?

அடுத்து, வாங்கிய பாத்திரம் யாருக்குச் சொந்தம்? நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி வழங்கியது. குடும்பத் தலைவர் கண்ணை மூடினால் சொத்து அவருடைய சகோதரியின் மக்களுக்கு. வாழ்நாளெல்லாம் அவருக்கு உலை வைத்த மனைவியும் அவர் பெற்ற மக்களும் தெருவைப் பார்க்க வேண்டியதுதான். அந்த அடுக்களையில் எந்தச் சட்டி எங்கே இருக்கிறது என்று அறிந்தவள் அவள்; ஆனால் ஒரு சட்டியும் அவளுடையதன்று!

இந்தக் கொடுமையைத் தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூலில் ஒரு மனைவியின் வாய்மொழியாகவே வைத்துச் சிரிக்கவும் சிந்திக்கவும் செய்தார். சிரிப்பு சட்டசபைக் கதவையும் தட்டியது. 1926இல் திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மனைவி மக்களுக்கு உரிமை பிறந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. 2005இல் இந்தியா முழுவதற்கும் அது வந்தது.

அடுக்களைக் கருவியைப் பற்றிய கட்டுரையில் சொத்துரிமைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பணப்பெட்டியின் திறவுகோல் எவர் கையிலோ, அவர்தாம் எந்தக் கருவி வாங்குவது என்று முடிவு செய்கிறார். சமைப்பவள் ஒருத்தி, வாங்குபவர் வேறொருவர் என்றிருக்கும்வரை அரிசிக்குப் பதில் யானைதான் வரும்.

புகையும் புரட்சியும்

அடுப்புக்கு வருவோம். தென்னையோலை, கொதும்பு, பாளை, பனைமட்டை, சுள்ளி ஆகியவையே நம் பக்கத்து எரிபொருள். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் நனைக்கும் மாவட்டம் இது. ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். அந்தப் புகை நெஞ்சுக்குள் போகிறது. விறகு, கரி, சாணம் முதலியவற்றால் வீட்டினுள் எழும் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

நம் நாட்டில் இதைச் சிந்தித்தவர்கள் இல்லாமலில்லை. 1910இல் கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் என்ற அறிஞர், அடியில் சிறிது கரி, மேலே அடுக்கடுக்காய்ப் பாத்திரம் என்று அமைத்து, நீராவியால் சமைக்கும் 'இக்மிக்' குக்கரை உருவாக்கினார். 1947இல் வார்தாவில் மகன் சூளா என்ற புகையில்லா அடுப்பு வந்தது. 1953இல் ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ். பி. ராஜு, புகையற்ற அடுக்களைகளைப் பற்றி நூலே எழுதினார். 1980களில் இந்திய அரசு நாடு முழுவதும் திருத்திய அடுப்புகளைப் பரப்ப முனைந்து, 2002இல் அத்திட்டத்தை முடித்துக்கொண்டது.

அவ்வளவு அடுப்புகளும் என்னவாயின? பல மூலையில் ஒடுங்கின. அடுப்பின் வாய் ஒரு அளவு. வீட்டுப் பானையின் அடி வேறு அளவு. புகைபோக்கியில் கரி அடைத்தது. அடைத்ததை நீக்கும் வழி சொல்லித் தரப்படவில்லை. விறகைச் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும் என்றார்கள். வெட்டுவது யார் என்று சொல்லவில்லை. அறிவியல் தோற்றதா? இல்லை. சமைப்பவளைக் கேளாமல் சமையலறைக்குத் திட்டம் தீட்டிய தோரணை தோற்றது.

கலைவாணர் கண்ட கனவு

நாகர்கோவில் ஒழுகினசேரி தந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், மதுரத்துடன் பாடிய நகைச்சுவைப் பாட்டொன்றில், விசையைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்கும் காலத்தைக் கனவு கண்டார். கொட்டகை சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு கேள்வி இருந்தது: அறிவியல் ஆகாயத்தில் பறக்கிறதே, அடுக்களைக்குள் ஏன் நுழையவில்லை?

உண்மையில் அது மிகத் தாமதமாகத்தான் நுழைந்தது. 1825இல் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கிய இரயில், 28 ஆண்டுகளில், 1853இல், பம்பாய்க்கு வந்துவிட்டது. ஆனால் நீராவியை மூடிய பாத்திரத்தில் அடக்கிச் சமைக்கும் முறையை டெனிஸ் பாப்பின் 1679இலேயே காட்டினார்; இந்தியாவில் அழுத்தக் குக்கர் உற்பத்தி 1959இல்தான் தொடங்கியது. இடையே 280 ஆண்டுகள்! மேனாட்டு வீடுகளிலேயே அது பரவ 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. படைக்கும் வணிகத்திற்கும் பயன்படும் பொறி விரைந்து வருகிறது. பெண்ணின் கைக்கு உதவும் பொறி தூங்கித் தூங்கி வருகிறது.

1950களில் கோவையில் மாவரைக்கும் கிரைண்டர் பிறந்தது. 2006இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1965 அக்டோபர் 22இல் இண்டேன் எரிவாயுவின் முதல் இணைப்பு கல்கத்தாவில் தரப்பட்டது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் ஏழைகளுக்கு எரிவாயு அடுப்பு வழங்கும் திட்டம் வந்தது. 2011 செப்டம்பரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் வந்தது. 'இலவசம்' என்று ஏளனம் செய்தோர் ஏராளம். அவர்களில் ஒரு நாளேனும் ஆட்டுரலின்முன் அமர்ந்து குழவி சுற்றியவர் யாரென்று கேட்க விரும்புகிறோம். அரண்மனைக்கு யானை கொடுத்தால் அது மரபு. குடிசைக்குக் கிரைண்டர் கொடுத்தால் அது மானக்கேடா?

தேர்ந்தெடுக்கும் அறிவு

ஆயினும், பொறி என்றாலே நன்மை என்று கொள்வதும் மூடநம்பிக்கையே. ஒரு கருவியை வீட்டுக்குள் விடுமுன் சில கேள்விகளை நாம் கேட்க வேண்டும்.

முதற்கேள்வி: எந்த வேலை மிகுதியாக உடலை வதைக்கிறது? அந்த வேலைக்கே முதற்பணம். தினமும் இரண்டு தேங்காய் துருவும் வீட்டில், கால் மடக்கி அமரும் துருவலைக்கு மாற்றாக, மேசையில் திருகிப் பொருத்தி நின்றபடி சுழற்றும் துருவி வாங்கலாம். விலையும் குறைவு, மின்சாரமும் வேண்டாம். கிணற்றில் நீர் இறைக்கும் வீட்டில் ஒரு கப்பி போடுங்கள். ஒற்றைக் கப்பி சுமையைக் குறைக்காது. ஆனால் மேல்நோக்கி இழுப்பதைக் கீழ்நோக்கி இழுப்பதாக மாற்றுகிறது. உடலின் எடையே உதவிக்கு வருகிறது, முதுகு வளைவதில்லை.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு தின்னும்? 1000 வாட் பொறி ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு யூனிட். 150 வாட் மேசைக் கிரைண்டர் அரைமணி ஓடினால் 0.075 யூனிட், 750 வாட் மிக்சி பத்து நிமிடம் ஓடினால் 0.125 யூனிட். மிக்சியின் வேகத்தில் மாவும் சூடேறும். நாள்தோறும் இட்டிலிக்கு அரைக்கும் வீட்டுக்குக் கிரைண்டர். துவையலுக்கும் மசாலாவுக்கும் மிக்சி. 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட் புதிய விசிறி நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடினால், திங்களுக்கு 13.5 யூனிட் மிச்சம். விலைச்சீட்டை மட்டும் படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார். மறுபாதி மின்கட்டணச் சீட்டில் இருக்கிறது.

மூன்றாம் கேள்வி: ஆபத்து உண்டா? குக்கருக்குள் நீர் ஏறத்தாழ 120 பாகை வெப்பத்தில் கொதிக்கிறது. அதனால்தான் பருப்பு விரைந்து வேகிறது. அதே அழுத்தம், ஆவித்துளை அடைத்தால் வெடியாகும். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையைப் பாருங்கள், ரப்பர் வளையத்தையும் பாதுகாப்பு வால்வையும் காலத்தில் மாற்றுங்கள். கிரைண்டருக்குச் சந்தனப்பொட்டு வைக்கும் கை, அதன் செருகியில் நிலத்தொடர்புக் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மின்சாரம் பொட்டைப் பார்த்து விலகுமா? 'அக்கினி மூலை' தேடி அடுப்பு வைக்கிறார்கள். சன்னல் எந்தப் பக்கம், புகை எவ்வழி வெளியேறும் என்று தேடுவதில்லை.

நான்காம் கேள்வி: பழுதானால் பார்ப்பவர் உண்டா? உள்ளூரில் உதிரிப்பொருளும் பழுதுபார்க்கும் கையும் இல்லாத பொறி, ஓராண்டில் பரணுக்குப் போகும் யானைதான். கன்னியாகுமரி முதல் குளச்சல் வரை உப்புக்காற்று வீசும் கரை இது. இங்கே துருவைத் தாங்கும் பொருள் எது என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்து மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் வேலை முடிந்ததும் மண் துடைத்து எண்ணெய் தடவினால் ஆயுள் நீளும். மண்வெட்டியின் காம்பு பிடிப்பவரின் உயரத்திற்கு ஏற்றதாக இருக்கட்டும். ஆணுக்கு அளந்த காம்பைப் பெண்ணின் கையில் திணிக்க வேண்டாம். கேரளத்துச் செம்பேரி ஜோசப் உருவாக்கிய தென்னையேறும் கருவி, மரமேறும் தொழிலைப் பெண்களும் கற்க வழி திறந்தது. நல்ல கருவி தொழிலின் சாதியையும் பாலையும் உடைக்க வல்லது என்பதற்கு அது சான்று.

ஐந்தாம் கேள்விதான் தலையாயது: இந்தக் கருவியை இயக்கப்போவது யார்? 2019இல் எடுக்கப்பட்ட இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறாள் என்றும், ஈடுபடும் ஆண் 97 நிமிடம் செலவிடுகிறான் என்றும் கூறுகிறது. ஈடுபடும் ஆண்களோ நால்வரில் ஒருவர் அளவே! பொறி வந்தது, உலக்கை ஓய்ந்தது, ஆனால் ஆண்மகன் இன்னும் அடுக்களைப் படி ஏறவில்லை. மிச்சமான நேரத்தில் இன்னொரு பலகாரம் கேட்கிறான்! விசையைத் தட்ட ஆணுக்கும் விரல் இருக்கிறதல்லவா?

இளைஞர்களே! கூட்டம் முடிந்து வீடு திரும்பும் நீங்கள், சமத்துவத்தைப் பற்றிப் பேசிய அதே வாயால் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள். "அம்மா, உங்களுக்கு எந்த வேலை அதிகம் வலிக்கிறது?" அவர் சொல்லும் விடை ஒரு புதிய கத்தியாக இருக்கலாம், சுவரில் ஒரு சன்னலாக இருக்கலாம், கிணற்றுக்கொரு கப்பியாக இருக்கலாம், "நீ வந்து கொஞ்சம் அரைத்துக் கொடு" என்பதாகவும் இருக்கலாம். சொன்னதைச் செய்யுங்கள்.

கலப்பையின் பெயரால் வாழும் நாடு இது. இங்கே இடுப்பில் குடம் வைக்கவே போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தின் வாரிசுகள் நாம். வாசலில் நிறுத்த யானை நமக்கு வேண்டாம். அடுப்பில் கீரை வெந்துகொண்டிருக்கிறது. கேட்டவளின் கையில் அரிசியைக் கொடுப்போம்.